ஒழுகும் கூரைக்கு உதவித்தொகை

பவுனம்மாள் வீட்டுக் கூரையில் இருந்த ஓட்டை ஒரு அடி நாலு அங்குல நீளம், பதினோரு அங்குல அகலம். குத்துமதிப்பாகச் சொன்ன அளவு அல்ல இது. 1962-ஆம் வருஷம் ஜூன் மாதம் பதினெட்டாம் தேதி, செஞ்சி வட்டார வறிய மாணவர் கல்வி ஊக்க சபையின் ஆய்வாளர் ரத்னம் ஏணி மேல் ஏறி, மடக்கு அடிக்கோலை விரித்து, இரண்டு தடவை அளந்து, நீல மையில் எழுதிய அளவு.

ஓட்டையைப் போட்டது ஒரு குரங்கு. பனமலைக் கோயில் குன்றிலிருந்து இறங்கி வந்து, ஏரிக்கரையில் இருந்த பவுனம்மாள் வீட்டுப் பனையோலைக் கூரை மேல் குதித்தது. ஓலை மக்கியிருந்ததால் குரங்கின் ஒரு கால் வீட்டுக்குள் வந்து, கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, திரும்பிப் போயிற்று. பவுனம்மாள் மறுநாளே இரண்டு ஓலை கேட்டு வாங்கி வைத்துவிட்டாள். கூரை மேயும் பாவாடை திங்கட்கிழமை சாயங்காலம் வந்து அடைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். ரத்னம் திங்கட்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்.

அவர் வந்தது பவுனம்மாளின் மகன் கலியபெருமாளைப் பற்றி விசாரிக்க. பையன் எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கியிருந்தான். கடலூர்க் கல்லூரி ஒன்றில் பி.யூ.சி. என்ற ஒரு வருஷப் புகுமுக வகுப்பைப் படித்துவிட்டு, மெட்ராஸ் போய் மாட்டு டாக்டராக வேண்டும் என்பது அவன் எண்ணம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டு மாடு வயிறு உப்பிச் செத்தது. மாட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லி அனுப்பியதற்கு மூன்றாம் நாள் ஆள் வந்து, மாடு செத்துவிட்டதா என்று கேட்டு, ஆமாம் என்றதும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு வந்த எண்ணம்.

ரத்னம் பாரத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“தகப்பனார்?”

“செத்துட்டார் சார்.”

“எப்ப?”

“ஆறு வருஷம் ஆவுது.”

“இப்ப என்ன நிலை?”

கலியபெருமாள் அம்மாவைப் பார்த்தான். பவுனம்மாள் மகனைப் பார்த்தாள்.

“தப்பா எடுத்துக்காத தம்பி. பாரத்துல கட்டம் இருக்குது. வருஷா வருஷம் கேக்கணும்.”

“அப்பிடியேதான் சார் இருக்கார்.”

‘மாற்றமில்லை’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்த ரத்னத்தின் நெற்றியில் வட்டமாக வெயில் விழுந்தது. அவர் மேலே பார்த்தார். முகம் மலர்ந்தது.

“ஏணி இருக்குதாம்மா?” என்றார்.

சபையின் அலுவலகம் செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டில், ஒரு மணிலாக்கொட்டை மண்டியின் மாடியில் இருந்தது. மண்டியும் சபையும் தலைவர் தனகோட்டியுடையவை. அந்த வருஷம் பதினோரு மனுக்கள் வந்திருந்தன. கலியபெருமாளின் மார்க்தான் எல்லாவற்றிலும் அதிகம். அதுவே அவனுக்கு இடைஞ்சலாய் முடியப் பார்த்தது.

“இவ்ளோ மார்க் வாங்குற பையன் நெசமாவே ஏழையா இருப்பானாய்யா?” என்று தலைவர் கேட்டார்.

செயலாளர் விநாயகம், ரிட்டயரான ரெவின்யூ இன்ஸ்பெக்டர். அவர் ஓட்டையின் அளவைப் படித்தார். தலைவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “பதினோரு அங்குலமா?” என்றார். அதற்கு மேல் யாரும் மார்க்கைப் பற்றிப் பேசவில்லை.

மாதம் முப்பது ரூபாய் உதவித்தொகை என்று கடிதம் வந்தது. கூடவே இருபத்து மூன்று விதிகள் அச்சடித்த தாளும் வந்தது. ஒன்பதாம் விதி சொன்னது: ‘பயனாளியின் இல்லத்து நிலையில் முன்னேற்றம் காணப்படின் உதவி நிறுத்தப்படும்.’

“பாவாடை மாமா கேக்குறார்டா. எப்ப வந்து அடைக்கட்டும்னு” என்றாள் பவுனம்மாள். “ஓல காஞ்சு சுருளுது.”

கலியபெருமாள் விதியை நாலு தடவை படித்தான். அப்புறம் பஸ் ஏறிச் செஞ்சிக்குப் போய்ச் செயலாளரையே கேட்டான்.

“கூரய அடைக்கலாமா சார்?”

“தாராளமா அடைக்கலாம். உன் கூரை, உன் ஓலை. சபை யாரையும் தடுக்காது.”

“அடைச்சா பணம் வருமா சார்?”

“வராது.”

“அடைக்கலன்னா?”

“வரும்.”

“மழ வந்தா ஒழுகும் சார்.”

விநாயகம் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். “ஏம்பா, ஒழுகலன்னா அது எப்பிடி ஓட்டையாவும்?”

கலியபெருமாள் திரும்பி வந்து, அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான். பவுனம்மாள் அந்த இரண்டு ஓலைகளையும் எடுத்துக்கொண்டு போய்க் கோழிக் கூண்டின் மேல் போட்டாள். அந்த மழைக்காலத்தில் கோழிகள் நனையவில்லை.

வீட்டில் ஓட்டைக்கு நேர் கீழே ஓர் அலுமினியக் குண்டான் வைக்கப்பட்டது. கலியபெருமாளின் தங்கை வசந்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பாய் விரிக்கும்போது குண்டானைச் சுற்றி விரிக்க அவள் ஒரே வாரத்தில் பழகிக்கொண்டாள்.

ஜனவரி மாதம் சபையின் கொடை விழா நடந்தது. கோட்டை அடிவாரத்தில் பந்தல். மாணவர்களை மேடையில் ஏழ்மை வரிசைப்படி உட்கார வைத்தார்கள். தாய் தகப்பன் இருவருமே இல்லாத ஒரு பையனுக்கு முதல் நாற்காலி. கலியபெருமாளுக்கு இரண்டாவது. முதல் நாற்காலிக்காரனைப் பார்த்து அவனுக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமைப்பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது. அடுத்த வருஷ விழாவில் பொறாமை மட்டும்தான் இருந்தது.

தலைவர் உறையைக் கொடுக்கும்போது போட்டோ எடுத்தார்கள். உறை காலி, பணம் மணியார்டரில் வரும். கலியபெருமாள் லேசாகச் சிரித்துவிட்டான். போட்டோக்காரர் கறுப்புத் துணியிலிருந்து தலையை வெளியே எடுத்தார்.

“தம்பி, சிரிக்காத. உதவி வாங்குற மூஞ்சி இப்பிடியா இருக்கும்? பக்கத்துல இருக்குற தம்பியப் பாரு. எவ்ளோ நல்லா இருக்குறான்!”

இரண்டாம் தடவை எடுத்த படம் நன்றாக வந்தது. அதற்குப் பிறகு எந்தப் படத்திலும் அவனைத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

தலைவர் தனகோட்டி பேசினார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! ஏழைகளுக்கு இந்தச் சபை வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்தச் சபைக்குத்தான் ஏழைகள் வேண்டும். ஒரு மாணவன் முன்னேறிவிட்டால் நாட்டுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் நமக்கு ஓர் ஏழை குறைகிறான் அல்லவா? அந்த இடத்துக்கு இன்னொருவனைத் தேடி இந்த ரத்னம் வெயிலில் எத்தனை ஊர் அலைகிறார் தெரியுமா? ஆகவே மாணவச் செல்வங்களே, அவசரப்படாதீர்கள். சபை உங்களை விட்டுவிடாது!”

பலத்த கைதட்டல். கலியபெருமாளும் தட்டினான். மேடையில் இருப்பவர்கள் தட்ட வேண்டும் என்பது பதினோராம் விதி.

பி.யூ.சி. முடிந்ததும் புதுப்பிப்பு மனு. அதில் ‘எதிர்கால நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கலியபெருமாள் ‘கால்நடை மருத்துவர்’ என்று எழுதியிருந்தான். அவனைக் கமிட்டி முன்னால் கூப்பிட்டார்கள்.

“மாட்டு டாக்டரா? நல்ல நோக்கம்தான்” என்றார் தலைவர். “படிச்சா வேலை கெடைக்குமா?”

“கெடைக்கும் ஐயா. ஆளு போதலன்னு படிப்பு முடிஞ்சதுமே கூப்டுக்குறாங்களாம்.”

“சம்பளம்?”

“நல்ல சம்பளம்தான் ஐயா.”

தலைவர் மற்றவர்களைப் பார்த்துத் திரும்பினார். முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. “பாத்தீங்களாய்யா? நாலு வருஷத்துல நல்ல சம்பளம் வாங்கப் போறான். அவனுக்குப் போயி வறிய மாணவர் உதவி. நாளைக்கு எவனாவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

கலியபெருமாள் வாயைத் திறந்தான். விநாயகம் அவனைக் கையமர்த்தினார்.

“வேற என்ன படிப்பு இருக்குது?” என்று தலைவர் கேட்டார்.

“பி.ஏ. சரித்திரம் இருக்குது ஐயா” என்றார் விநாயகம்.

“அதுல வேலை கெடைக்குமா?”

“ரொம்பக் கஷ்டம் ஐயா.”

“அப்ப சரித்திரம்” என்றார் தலைவர்.

விநாயகம் கட்டத்தில் இருந்த எழுத்துகளை ஒரே கோட்டால் அடித்து, மேலே ‘சரித்திரம்’ என்று எழுதி, ஓரத்தில் கலியபெருமாளைச் சுருக்கொப்பம் இடச் சொன்னார். அவன் இட்டான்.

செஞ்சி பஸ் நிறுத்தத்தில் வாசுபூஜ்யன் காத்திருந்தான். மேல்சித்தாமூர்ப் பையன், பி.யூ.சி.யில் இவன் பக்கத்து பெஞ்சு. இரண்டு பேரும் சேர்ந்துதான் மெட்ராஸுக்கு மனு எழுதி வைத்திருந்தார்கள். வாசுபூஜ்யனின் வீடு ஓட்டு வீடு. எந்த ஓடும் உடைந்திருக்கவில்லை. அதனால் அவன் சபைக்கு மனு போடவே இல்லை. அவனுடைய நைனா ஏரிப் பக்கத்துக் கொல்லை ஒன்றை விற்று மகனை அனுப்பத் தயாராகிவிட்டார்.

“இன்னாடா சொன்னாங்க?”

“சரித்திரம்னு சொன்னாங்க.”

“எதுக்குடா சரித்திரம்?”

“வேல கெடைக்காதாம்.”

“டேய் கலியா, பைத்தியமாடா நீ? பணமே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வாடா.”

“வந்து? பீஸு யாரு கட்டுவாங்க, உங்க நைனாவா?”

பஸ் வந்தது. வாசுபூஜ்யன் ஏறிக்கொண்டான்.

கலியபெருமாள் சரித்திரம் படித்தான். யார் எந்தக் கோட்டையை எந்த வருஷம் பிடித்தார்கள், யாரிடம் இழந்தார்கள் என்பதையெல்லாம் மனப்பாடம் செய்தான். வருஷங்கள் அவன் மண்டையில் நன்றாக நின்றன. வேறு ஒன்றும் பெரிதாக நிற்கவில்லை. லீவில் ஊருக்கு வந்தால், யார் வீட்டு மாடாவது படுத்துவிட்டது என்று கூப்பிடுவார்கள். முதல் வருஷம் ஓடிப்போய்ப் பார்த்தான். இரண்டாம் வருஷம், “எனக்குத் தெரியாது” என்று சொல்லப் பழகிவிட்டான்.

பி.ஏ. இரண்டாம் வருஷம், ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை பெய்தது. பனமலை ஏரி தளும்பியது. ஐந்தாம் நாள் காலை, பவுனம்மாளும் வசந்தாவும் நடவுக்குப் போயிருந்த நேரத்தில், அந்த ஓட்டை வழியாக இரண்டு வருஷமாகத் தண்ணீர் குடித்திருந்த கூரை மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. குண்டான் நசுங்கியது. வேறு உயிர்ச்சேதம் இல்லை. தாயும் மகளும் பள்ளிக்கூடத்து வராந்தாவுக்குக் குடி போனார்கள்.

கலியபெருமாள் கடலூரிலிருந்து வந்து பார்த்தபோது நாலு மண்சுவர் நின்றது. ஆண்டு ஆய்வுக்கு ரத்னமும் அதே நாள் வந்து சேர்ந்தார். குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து, அண்ணாந்து பார்த்து, குடையைத் திரும்ப விரித்துக்கொண்டார்.

“தகப்பனார்?”

“மாற்றமில்ல சார்.”

“கூரை ஒழுகுதா?”

“கூரையே இல்ல சார்.”

“அது தெரியுது தம்பி. ஒழுகுதான்னு கேக்குறேன்.”

“இல்லாத கூர எப்பிடி சார் ஒழுகும்?”

ரத்னம் கெட்ட மனிதர் அல்ல. அவர் வெகுநேரம் யோசித்தார். மழைத் துளி பாரத்தில் விழாதபடி குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டே கட்டந்தான் தம்பி இருக்குது. ‘ஒழுகுகிறது’, ‘ஒழுகவில்லை’. மூணாவது இருந்தா போட மாட்டேனா? நான் பொய் எழுத முடியுமா சொல்லு?”

“முடியாது சார்.”

“நீயே சொல்லிட்ட.”

அவர் ‘ஒழுகவில்லை’க்கு நேராகக் கோடு போட்டார். அடுத்த வரியில் ‘சென்ற ஆண்டுடன் ஒப்பிடுகையில்’ என்று இருந்தது. போன வருஷம் ஒழுகியது. இந்த வருஷம் ஒழுகவில்லை. அவர் ‘முன்னேற்றம்’ என்று எழுதினார். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. மை இறங்கவில்லை போலும். உதறிவிட்டு எழுதி முடித்தார்.

பத்து நாளில் கடிதம் வந்தது.

‘தங்கள் இல்லத்துக் கூரை ஒழுகுவது நின்றுவிட்டதை அறிந்து சபை பெருமகிழ்ச்சி அடைகிறது. இம்முன்னேற்றத்தில் சபைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஒன்பதாம் விதிப்படி உதவித்தொகை இம்மாதத்திலிருந்து நிறுத்தப்படுகிறது. தங்கள் வளமான வாழ்வுக்கு வாழ்த்துகள்.’

வராந்தாவில் உட்கார்ந்து கலியபெருமாள் இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினான்.

“வாழ்த்தா சொல்லியிருக்காங்க?” என்றாள் பவுனம்மாள்.

“ஆமாம்மா.”

கல்லூரி அறிவிப்புப் பலகையில் பணம் கட்டாதவர் பெயர்கள் ஒட்டப்பட்டன. ஜனவரி பத்தாம் தேதிக்குள் கட்டாவிட்டால் பெயர் நீக்கப்படும். கலியபெருமாளின் பெயர் மூன்றாவதாக இருந்தது. முதலாவதாக இருந்தது, விழாவில் முதல் நாற்காலியில் உட்கார்ந்தவனுடையது. அவனை ஒரு மாமா தத்து எடுத்துக்கொண்டுவிட்டதாக யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள்.

கலியபெருமாள் மறுபடி மண்டி மாடியேறினான்.

“ஒரே வழிதான் இருக்குது” என்றார் விநாயகம். “திரும்ப ஒழுக ஆரம்பிச்சதும் மனு போடு. உடனே ஆய்வாளரை அனுப்புறேன்.”

“கூர இல்லியே சார்.”

“கூரை போடு.”

“புதுக் கூர ஒழுகாதே சார்.”

“அது உங்க சாமர்த்தியம். ஆனா ஒண்ணு, பழைய அளவு கோப்புல இருக்குது. ஒரு அடி நாலு, பதினொண்ணு. ஒரு அங்குலம் கொறஞ்சா முன்னேற்றம். ஒரு அங்குலம் கூடினா வேணும்னே பண்ணதுன்னு ஆவும். பாத்துச் செய்.”

ஊரே ஓலை கொடுத்தது. கழி கொடுத்தது. பாவாடை கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார். பாதி மேய்ந்த பிறகுதான் கலியபெருமாள் விஷயத்தைச் சொன்னான். பாவாடை மேலே இருந்தபடியே கேட்டுக்கொண்டார்.

“இன்னாது, ஓட்ட வுட்டு மேயறதா?”

“ஆமா மாமா.”

“டேய், முப்பது வருஷமா ஏணியில ஏறி எறங்கறன்டா நான். நான் மேஞ்ச கூரயில ஒரு பொட்டுத் தண்ணி எறங்கினதில்ல. இந்தக் கையால ஓட்ட வக்கச் சொல்றியா? காலேஜுல இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?”

“ஒரு அடி நாலு அங்குலம் மாமா. அகலம் பதினொண்ணு.”

பாவாடை கீழே இறங்கி, ஒரு பீடி பற்ற வைத்து, அது முடியும்வரை இழுத்தார். பவுனம்மாள் அவர் எதிரில் வந்து நின்றாள்.

“வச்சுடு அண்ணா. பையன் படிச்சு முடிக்கட்டும்” என்றாள்.

அவர் ஓட்டை வைத்தார். அந்த வட்டாரத்தில் அவ்வளவு நேர்த்தியான ஓட்டையை யாரும் பார்த்ததில்லை. நாலு பக்கமும் ஓலை மடித்து, ஈர்க்கு வைத்துக் கட்டி, ஜன்னல் மாதிரி இருந்தது.

ரத்னம் வந்து அளந்தார். “ஒரு அடி நாலு. பதினொண்ணு. சரியா இருக்குது. ஆனா ‘ஒழுகுவதை நேரில் கண்டேன்’னு நான் எழுதணுமே. மழை இல்லியே தம்பி.”

டிசம்பர் கடைசி வாரம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. ஜனவரி பத்துக்குப் பதினாலு நாள் இருந்தது.

வசந்தா ஏரியில் ஒரு குடம் மொண்டு வந்து, ஏணியில் ஏறி, ஓட்டை வழியாக ஊற்றினாள். கீழே நின்ற ரத்னம் கையை நீட்டினார். நனைந்தது. அவர் பொய் எழுதாதவர். ‘ஒழுகுகிறது. நேரில் கண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

நிறுத்திய தொகையை மறுபடி கொடுக்கும் வழக்கம் சபையில் அதுவரை இல்லை. ஆகவே தலைவரே நேரில் பார்க்க வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. ஜனவரி நாலாம் தேதி தனகோட்டி காரில் வந்தார். விநாயகமும் ரத்னமும் போட்டோக்காரரும் கூட வந்தார்கள். வீட்டுக்குள் ஓட்டைக்கு நேர் கீழே நாற்காலி போடப்பட்டது. தலைவர் ‘கண்ணீர்’ என்று சொன்னதும் மேலிருந்து ஊற்ற வேண்டும் என்று விநாயகம் வசந்தாவுக்குச் சொல்லி வைத்தார். குடங்கள் நாலு தயாராக இருந்தன.

தலைவர் எழுந்து நின்றார்.

“இந்த ஓட்டை சாதாரண ஓட்டை அல்ல. இதன் வழியாக நான் பாரத நாட்டின் எதிர்காலத்தைப் பார்க்கிறேன். இந்தத் தாயின் கண்ணீரை…”

முதல் குடம் இறங்கியது. தலைவர் திடுக்கிட்டார், ஆனால் மேடைப் பழக்கம் உள்ளவர், நிறுத்தவில்லை.

“…கண்ணீரை…”

இரண்டாம் குடம். விநாயகம் குடையை விரித்துத் தலைவர் தலைக்கு மேல் பிடித்தார். வீட்டுக்குள் ஒருவர் குடை பிடிப்பதைப் பவுனம்மாள் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிச் செய்யலாம் என்று அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

“…துடைப்பதுதான் எங்கள் பணி! கண்ணீர் இருக்கும்வரை நாங்கள் இருப்போம். கண்ணீர் நிற்க நாங்கள் ஒருபோதும் விடமாட்டோம்!”

மூன்றும் நாலும் இறங்கின. தலைவரின் ஜிப்பா உடம்போடு ஒட்டிக்கொண்டது. அவர் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். காரில் ஏறும்போது, “இந்த மாதிரி ஏழ்மையை நான் எங்கயும் பாத்ததில்ல. விடாதீங்கய்யா இந்தப் பையனை” என்றார்.

எட்டாம் தேதி மணியார்டர் வந்தது. ஒன்பதாம் தேதி பெயர் பலகையிலிருந்து எடுக்கப்பட்டது. வாசுபூஜ்யனுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று கலியபெருமாள் நினைத்தான். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதவில்லை.

1966-இல் அவன் இரண்டாம் வகுப்பில் தேறினான். சபை சொன்ன வாக்கு பொய்க்கவில்லை; வேலை கிடைக்கவில்லை. நாலு மாதம் மனு போட்டுவிட்டுச் சும்மா இருந்தபோது செஞ்சியிலிருந்து ஆள் வந்தது. ரத்னத்துக்கு முழங்கால் வலி. இனிமேல் ஏணி ஏற முடியாது. கூரைகளைப் பற்றி நன்கு அறிந்த, பட்டம் பெற்ற ஓர் ஆள் தேவை.

ரத்னம் மடக்கு அடிக்கோலை அவன் கையில் கொடுத்தார். “பத்திரம் தம்பி. பதினேழு வருஷம் வச்சிருந்தேன்” என்றார். ஆய்வாளருக்குத் தருவது சம்பளம் அல்ல, மதிப்பூதியம் என்றும், அது வருமானம் ஆகாது என்றும் இருபத்தோராம் விதி சொன்னது.

முதல் ஆய்வு மண்டகப்பட்டுப் பக்கம். சுவர் ஒரு பக்கம் சாய்ந்த வீடு. பையனின் தாய் கையைக் கூப்பிக்கொண்டு, “மழக்கி வுழுந்துடும் போல இருக்குது சார். முட்டுக் குடுக்கலாங்களா?” என்று கேட்டாள்.

“தாராளமா குடுக்கலாம்மா” என்றான் கலியபெருமாள். “உங்க செவுரு. சபை யாரையும் தடுக்காது.”

சொன்ன பிறகு அந்தக் குரலை எங்கேயோ கேட்டது போல இருந்தது. அதற்குள் சாய்வை அளக்க வேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் ஜூனில் வாசுபூஜ்யன் வந்தான். படிப்பு முடித்து, வேலை உத்தரவும் வாங்கியிருந்தான். ஏரிக்கரையில் யாருடைய பசுவோ வயிறு உப்பிப் படுத்துவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். பசு எழுந்து நின்ற பிறகு, கை கழுவத் தண்ணீர் கேட்டு, இந்த வீட்டுக்கு வந்தான். உள்ளே எட்டிப் பார்த்தவன் கூரையைப் பார்த்தான்.

“டேய் கலியா, இன்னும் அது அப்பிடியே இருக்குதா?”

“இருக்குது.”

“நீதான் வேலைக்குப் போறியே. மூட வேண்டியதுதானே?”

“மூடணும்” என்றான் கலியபெருமாள். “பசு எப்பிடி இருக்குது?”

“நிக்குது. நீ வந்து பாத்திருக்கலாம்ல?”

“எனக்கு இன்னா தெரியும்?”

வாசுபூஜ்யன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு புறப்பட்டான்.

அன்று மத்தியானம் பவுனம்மாள் இரண்டு பச்சை ஓலைகளைத் தலையில் சுமந்து வந்து வாசலில் போட்டாள்.

“பாவாடை அண்ணன் சாயங்காலம் வரன்னாரு. அஞ்சு வருஷம் ஆச்சுடா. இப்பவாவது அடைச்சுடலாம்.”

கலியபெருமாள் பையிலிருந்து பாரத்தை எடுத்தான். வசந்தா எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். மனு போடக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அந்த ஊர் அவனுடைய ஆய்வு எல்லைக்குள் இருந்தது. தன் வீட்டைத் தானே ஆய்வு செய்யக்கூடாது என்று இருபத்து மூன்று விதிகளில் எதுவும் சொல்லவில்லை.

தங்கையை எதிரில் உட்காரச் சொல்லி, பாரத்தைத் தொடையில் வைத்துக்கொண்டான்.

“தகப்பனார்?”

வசந்தா அவனைப் பார்த்தாள். “இன்னா அண்ணா கேக்குற?”

“பாரத்துல கட்டம் இருக்குது.”

“செத்துட்டார்.”

“இப்ப என்ன நிலை?”

பவுனம்மாள்தான் பதில் சொன்னாள். “அப்பிடியேதான் இருக்காரு. எழுதிக்க.”

‘மாற்றமில்லை’ என்று எழுதினான்.

“எதிர்கால நோக்கம்?”

“நர்ஸு” என்றாள் வசந்தா. அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. “படிச்சதும் வேல கெடைக்குமாம். வாத்தியாரம்மா சொன்னாங்க.”

“உடனேவா?”

“உடனே.”

கலியபெருமாள் பேனாவை மூடித் திறந்தான். பிறகு அந்தக் கட்டத்தில் ‘சரித்திரம்’ என்று எழுதினான். அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தால் கமிட்டியில் வேலை சுலபம்.

ஏணியைச் சாத்தி மேலே ஏறினான். அடிக்கோலை விரித்தான். ஓலை காய்ந்து, ஓரம் சரிந்து, ஓட்டை ஒரு அடி மூன்றரை அங்குலமாகக் குறைந்திருந்தது. இன்னொரு தடவை அளந்தான். மூன்றரைதான்.

ஈர்க்கை அவிழ்த்து, ஓரத்து ஓலையை அரை அங்குலம் பிய்த்துக் கீழே போட்டான்.

கீழே பவுனம்மாள் அதைப் பொறுக்கி எடுத்தாள். அப்புறம் நசுங்கிய குண்டானை அரை அங்குலம் நகர்த்தி வைத்தாள்.